கையை விட்டுப் பேசும் பெட்டி: பஹ்ரைன் மாமாவுக்கு ஒரு ரிப்போர்ட்

தருமபுரி,
12-2-1989

மதிப்பிற்குரிய கோவிந்தன் மாமா அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் முனிராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியம். அக்காவுக்கு மட்டும் பல்வலி இருந்தது, அதுவும் நேற்றோடு பிடுங்கியாயிற்று. அங்கே நீங்களும் உங்கள் ரூம்காரர்களும் சௌக்கியம் என்றே வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னாசி அண்ணன் லீவில் வந்தபோது நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சல் கம்பளிப் போர்வைக்குள் சுருட்டினபடியே, மேலே நாலு பால்பவுடர் டின்னோடு, நசுங்காமல் வந்து சேர்ந்தது. டின் அக்காவுக்கு. பெட்டி நூர் பாஷா பாய்க்கு. எனக்கு ஒரு துண்டுச் சீட்டு: “கார்ல மாட்டிப் பாத்து எப்படி இருக்குதுன்னு ஒரே பக்கத்துல எழுது. கதை வேண்டாம்.” மாமா, ஒரே பக்கத்தில் அடங்குகிற மாதிரி நடந்திருந்தால் நான் அரைப் பக்கத்தில் முடித்திருப்பேன். நடந்தது அப்படி இல்லை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு மூன்று வருஷமாகப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோவும் டிவியும் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிற எனக்கே வியாழக்கிழமையிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

முதலில் கருவியைப் பற்றி. வீட்டில் போன் பக்கத்தில் ஒரு பெட்டி, காரில் ஒரு பெட்டி. நடுவில் கம்பி கிடையாது. வீட்டுப் பெட்டியில் பொத்தானை அழுத்தினால் காரில் இரண்டு தடவை மணி அடிக்கும். மூன்றாவது தடவை அதுவே திறந்துகொள்ளும். ஓட்டுகிறவர் எதையும் தொட வேண்டாம், எதையும் காதில் வைக்க வேண்டாம், சும்மா பேசினால் போதும். சட்டைப் பொத்தான் அளவு மைக்கைத் தலைக்கு மேலே வெயில் மறைக்கிற அட்டையில் மாட்டினேன். ஸ்பீக்கரை டாஷ்போர்டுக்குக் கீழே, கால் பக்கம் மாட்டினேன், வேறு இடம் இல்லை. கூட வந்த புத்தகத்தில் இருபது மைல் வரை கேட்கும் என்று போட்டிருக்கிறது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தபடி பேசுகிறார். அந்தப் படத்தைப் பாயிடம் காட்டினேன். பல்லைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள் என்று சொல்லத் தவறிவிட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

நூர் பாஷா பாய் எதற்காக இந்தப் பெட்டிக்கு இப்படி அலைந்தார் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, எழுதிவிடுகிறேன். அவர் புளி வியாபாரி. தை மாசி வந்தால் வீடு தங்க மாட்டார், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் தோப்புத் தோப்பாகக் காரிலேயே சுற்றுவார். அவர் மகள் வஹிதாவுக்கு ஏற்கனவே இரண்டு பையன்கள், இரண்டு பேரும் புளி உலுக்குகிற காலமாகப் பார்த்துப் பிறந்தவர்கள். அவர்கள் வழக்கப்படி குழந்தை பிறந்ததும் அதன் வலது காதில் பாங்கு சொல்ல வேண்டும், அதாவது பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற அதே அழைப்பு. இந்த உலகத்தில் வந்து இறங்கியதும் காதில் விழுகிற முதல் நல்ல வார்த்தை அதுதான். மாப்பிள்ளை வாணியம்பாடியில் வேலை, இரண்டு தடவையும் வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. தாத்தா என்ற முறையில் பாய் சொல்லியிருக்க வேண்டும். அவரோ இரண்டு தடவையும் தோப்பில். பக்கத்து வீட்டு சர்தார் பாய்தான் வந்து சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன், நல்ல குரல், யார் வீட்டில் குழந்தை அழுதாலும் கைகால் கழுவிக்கொண்டு வாசலில் நிற்பார். மூன்றாவது பிரசவத்துக்கு வந்த வஹிதா போன மாதம் என் முன்னாலேயே அப்பாவைக் கேட்டுவிட்டாள்: “ஏம்ப்பா, இந்தத் தடவையும் சர்தார் மாமா கொரல்தான் எம்புள்ள காதுல விழணுமா? நீங்க அந்தப் புளியமரத்துக்கே பாங்கு சொல்லிக்கிட்டு இருங்க.” மறுநாளே பாய் என் கடைக்கு வந்து, “உங்க மாமா பஹ்ரைன்ல இருக்காரே, கார்லயே போன் பேசற சாமான் ஏதோ வந்திருக்குதாமே” என்று ஆரம்பித்தார். பிரசவம் பிப்ரவரி இருபதுக்கு என்று நர்ஸ் ஷகிலா தேதி சொல்லியிருந்தாள். அதற்குள் மாட்டி, எத்தனை தூரம் கேட்கிறது என்று சோதித்துவிட வேண்டும். இதுதான் திட்டம்.

ஏரியலை மாடியில் கட்டினேன். அதற்கே தெருவில் பாதிப் பேர் அண்ணாந்து பார்த்து, “ஞாயித்துக்கிழமை படம் நல்லாத் தெரியுமா தம்பி?” என்று கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் கடைசியில் தெரியும் என்றே சொல்லிவிட்டேன். இன்று ஞாயிறு. சாயங்காலம் படம் பார்க்க எத்தனை பேர் வந்து நிற்பார்களோ தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குச் சோதனை. வீட்டுப் பெட்டிப் பக்கம் பாயின் மனைவி ரஹமத் பீவி அம்மாவை உட்கார வைத்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பொத்தானை அழுத்தி ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள், வேறு ஒன்றும் பேச வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். அந்தம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பெட்டிக்கு எதிரே கைகட்டி உட்கார்ந்தார்கள். பாய் ஓட்ட, நான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு. கலெக்டர் ஆபீஸ் தாண்டினதும் மணி அடித்தது. ஒன்று, இரண்டு. பிறகு யாரும் தொடாமலேயே டொக்கென்று திறந்து, கால் பக்கத்திலிருந்து அந்தம்மா குரல் வந்தது, ஒரு கரகரப்பு இல்லாமல், பின்சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி: “என்னங்க, வெங்காயம் தீந்துபோச்சு.”

பாய் காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டார். பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து ஸ்பீக்கருக்குள் தலையை விட்டு, டிரங்க் கால் பேசுகிற தொண்டையில், “ரஹமத்து! நீயா?” என்றார். “மைக் மேல இருக்குதுங்க பாய், மேல பாத்துப் பேசுங்க” என்றேன். உடனே அண்ணாந்து, கூரையைப் பார்த்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். சத்தம் வருவது காலடியில், பேச வேண்டியது வானத்தைப் பார்த்து, ரோடு இருப்பது நடுவில். அந்த நடுவைத்தான் அவர் பார்க்கவில்லை. “எதுக்குக் கத்தறீங்க? தெருவே கேக்குது” என்றார்கள் அந்தம்மா. “தெரு கேக்குதா? அப்பன்னா நல்லாத்தான் கேக்குது, எழுதிக்க தம்பி” என்றார் பாய். எண்ணச் சொன்னது என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். “கட்டின புருஷங்கிட்ட ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும் தம்பி? நான் வூட்டு விஷயமே சொல்றேன், நீங்க தூரத்த எழுதிக்கங்க” என்று பதில் வந்தது. ஆகவே என் நோட்டில் மூன்று கிலோமீட்டருக்கு நேரே ‘கேஸ் சிலிண்டர் வரவில்லை, தெளிவு’ என்றும், ஐந்துக்கு நேரே ‘பெரிய பேரன் மூக்கில் பல்பம், லேசான இரைச்சல்’ என்றும் எழுதியிருக்கிறது. பல்பம் ஆறாவது கிலோமீட்டரில் வெளியே வந்துவிட்டது.

நடுவில் ரயில்வே கேட் போட்டிருந்தது. கேட் கீப்பர் பச்சியப்பன் பச்சைக் கொடியோடு வந்து ஜன்னலில் கைவைத்து, வாய் திறந்தபடி கேட்டார். கடைசியில், “இது எந்த ஸ்டேஷனுங்க? நாடகம் நல்லாயிருக்குது, அந்தப் பொம்பள அசலாப் பேசுது” என்றார். “அது எங்க வூட்டுல பேசறாங்க” என்றார் பாய். பச்சியப்பன் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்று, பெட்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கும்பிடுவதற்கு என்ன இருக்கிறது, டிரான்சிஸ்டரும் கெபாசிட்டரும்தான் என்று எரிச்சலாக இருந்தது. அவரிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். இப்போது அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அதியமான்கோட்டை தாண்டி ஊருக்குள் பிரிகிற ரோட்டில் போனோம். மீட்டரில் ஏழு கிலோமீட்டர் நானூறு மீட்டர் வந்தபோது இரைச்சல் பாதி, பேச்சு பாதி. இருபது மைலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, இதுதான் எல்லை என்று நோட்டில் கோடு போடப் பேனாவை வைத்தேன். அப்போது மணி அடித்தது. திறந்தது. வந்தது அந்தம்மா குரல் இல்லை, நர்ஸ் ஷகிலா. “பாய், சீக்கிரம் வாங்க. வஹிதாவுக்கு வலி கண்டிருச்சு. இருபதாந்தேதி வரைக்கும் தாங்காது, இருபது நிமிஷமே தாங்குமான்னு தெரியல.”

பாய் வண்டியைத் திருப்பினார். திருப்பின விதத்தை எழுத மாட்டேன், ரோட்டோரம் ஒரு மைல்கல் இப்போது சாய்ந்திருக்கிறது. வருகிறபோதே பார்த்தேன், அந்த ரோட்டில் கொள்ளு அறுவடை. இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி ஏறிப் போரடித்துக் கொடுத்துவிடும். மேலே ஏறினால் டயர் வழுக்கும். “மெதுவாப் போங்க பாய்” என்றேன். அதற்கு மேல் நான் பேசவில்லை, ஏனென்றால் பெட்டி மூடவே இல்லை. வீட்டில் யாரும் நிறுத்தும் பொத்தானைத் தொடவில்லை. ஓடுகிற சத்தம், வெந்நீர் அண்டா சத்தம், “மூச்சு விடு, மூச்சு விடு” என்று ஷகிலா சொல்வது, வஹிதா பல்லைக் கடிப்பது வரை எங்கள் காலடியில் கேட்கிறது. பாய் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். கொள்ளுமேல் ஊர்ந்து ஊர்ந்து அரைக் கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். திடீரென்று அங்கே எல்லாச் சத்தமும் நின்றது. மாமா, வால்வு ரேடியோவிலிருந்து எத்தனையோ பெட்டி பிரித்திருக்கிறேன், ஒரு ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வராததற்கு நான் அப்படிப் பயந்ததே கிடையாது. பிறகு அழுகை வந்தது. புத்தம் புதுசு. காருக்குள் ஒரு குழந்தை பிறந்த மாதிரியே இருந்தது.

பாய் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. ரஹமத் பீவி அம்மாதான் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார்கள்: “என்னங்க, சர்தார் பாய் வாசல்ல வந்து நிக்கறாரு. கைகால் எல்லாம் கழுவிட்டாரு. உள்ள கூப்பிடட்டுமா?”

“கூப்பிடாத!” என்று பாய் போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. “நான் சொல்றேன். இங்கிருந்தே சொல்றேன். புள்ளையத் தொடச்சு எடுத்தாந்து பெட்டியில வலது காத வைங்க.”

அங்கே ஒரு நிமிஷம் பேச்சுவார்த்தை. வஹிதா குரல் மெல்லிசாக வந்தது: “கொண்டு போங்கம்மா. அப்பாவே சொல்லட்டும்.”

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். நூர் பாஷா பாய் தன் புளிக் கிடங்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் மோதினார் வராத நாளெல்லாம் பாங்கு சொல்கிறவர். முப்பது வருஷப் பழக்கம். பாங்கு சொல்கிறவர் எப்படிச் சொல்வார்? இரண்டு கையையும் தூக்கி இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு சொல்வார். பாய் மூச்சை இழுத்தார், கண்ணை மூடினார், இரண்டு கையையும் தூக்கினார், காதில் வைத்தார், “அல்லாஹு அக்பர்” என்று ஆரம்பித்தார். கார் நாற்பதில் போகிறது.

“பாய்! கை! கை!” என்று கத்தினேன். அவர் காதில்தான் கை இருக்கிறதே, எப்படிக் கேட்கும்? பக்கத்திலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கீழே கொள்ளுச் செடி, வண்டி சோப்பில் போகிற மாதிரிப் போகிறது. இடது பக்கம் புளியமரம், வலது பக்கம் ஆள் உயரத்துக்குக் குவித்த கொள்ளுப் போர். மரம் வேண்டாம் என்று போரில் விட்டேன். படுக்கையில் விழுகிற மாதிரி பொதக்கென்று உள்ளே போய், இரண்டு ஜன்னலையும் கொள்ளு மூடி, என்ஜின் ஒரு தடவை இருமி நின்றது. பாய் ஒரு எழுத்து விடவில்லை. கண் திறக்கவில்லை, கை இறங்கவில்லை. இரண்டாவது வரியை இன்னும் உயர்த்திச் சொன்னார்.

வெளியே “அடப்பாவி, எங்கொள்ளு!” என்று அலறிக்கொண்டு ஒரு அம்மாள் முன்னால், செடி கிளறுகிற கவைக்கோலைத் தூக்கிக்கொண்டு அவள் புருஷன் பின்னால். செல்லம்மாள், காளியப்பன் என்று பெயரெல்லாம் பிறகுதான் தெரியும். ஜன்னலை மூடியிருந்த கொள்ளுச் செடியை வாரித் தள்ளிவிட்டு, காளியப்பன், “கண்ணு தெரியலயாடா…” என்று ஆரம்பித்தவர், காதில் கைவைத்து உட்கார்ந்திருக்கிற பாயைப் பார்த்தார். அப்புறம் கால் பக்கம் பார்த்தார். அங்கே குழந்தை வீல்வீலென்று அழுதுகொண்டிருந்தது. கவைக்கோல் தானாகவே கீழே இறங்கியது. செல்லம்மாள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பாய் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். பாதியில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. மாமா, அது நிறுத்தியதை நான் என் காதால் கேட்டேன். ஆறரை கிலோமீட்டர் தூரம், பிறந்து பத்து நிமிஷம்கூட ஆகாத குழந்தை, காது கொடுத்துக் கேட்கிறது. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வருகிறது. நான் படித்த கணக்குப்படி அந்தப் பள்ளத்தில், கொள்ளுப் போருக்குள், ஏரியல் வளைந்து கிடக்க, அந்தப் பெட்டி கொரகொரவென்று இரைந்திருக்க வேண்டும். ஒரு கரகரப்பு இல்லை. ஏன் என்று மூன்று நாளாகக் காகிதத்தில் போட்டுப் பார்க்கிறேன். கணக்கு வரவில்லை. ராத்திரி படுத்தால் அந்த மூச்சுதான் கேட்கிறது.

முடிந்தது. பாய் கையை இறக்கிக் கண்ணைத் திறந்தார். எதிரே கொள்ளு. “தம்பி, நாம எங்க இருக்கறோம்?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் பெட்டியிலிருந்து வஹிதா பேசினாள், களைத்த குரல்: “கேட்டுச்சுப்பா. அவளுக்கும் கேட்டுச்சு.”

“அவளுக்கா?” என்று ஜன்னலுக்குள் தலையை விட்டது செல்லம்மாள். “பொண்ணுங்களா?”

“பொண்ணுதாங்க!” என்றார்கள் ரஹமத் பீவி அம்மா. “நீங்க யாருங்கம்மா?”

“நான் கொள்ளுக்காரிங்க. உங்க வூட்டுக்காரரு எங்க போருக்குள்ள இருக்காருங்க. ஒண்ணும் அடியில்ல, பயப்படாதீங்க. புள்ளைக்கு முடி நெறயாவா?”

அவ்வளவுதான், பிறகு எங்களுக்கு அங்கே வேலை இல்லை. செல்லம்மாள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு முடி, நிறம், தாய்க்கு என்ன பத்தியம், கொள்ளு ரசம் எத்தனாவது நாள் வைக்கலாம் என்று இருபது நிமிஷம் பேசினாள். காளியப்பனும் பாயும் நானும் அவளையும் சேர்த்துக் காரைத் தள்ளி வெளியே எடுத்தோம். கொள்ளுக்கு என்ன தரட்டும் என்று பாய் கேட்டதற்குக் காளியப்பன், “போறது வர்றது போரடிக்கறதுக்குத்தானுங்க ரோட்டுல போடறோம். நீங்க கொஞ்சம் நல்லா அடிச்சுட்டீங்க” என்றார். வீட்டுக்குப் போனதும் பாய் குழந்தையைக் கையில் வாங்கி, நேராகவும் ஒரு தடவை காதில் சொன்னார். சர்தார் பாய்க்குத்தான் மனசு ஆறவில்லை. வாசலில் நின்றபடி, “கொரல் நல்லாத்தான் வந்துச்சு, நடுவுல பொதக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே, அது என்ன?” என்று கேட்டார்.

ஆகவே என் முடிவு. இது கையை விட்டுப் பேச வேண்டிய கருவி என்கிறார்கள். எங்கள் ஊரில் கையை விடச் சொன்னால் உண்மையாகவே விட்டுவிடுகிறார்கள். இருபது மைல் என்பது சுத்தப் பொய். ஓட்டுகிறவர் கூரையைப் பார்க்கிறார். அழுகை வந்தால் ரோடு தெரிவதில்லை. இது காருக்கு ஆகாது. நேற்றே கழற்றிவிட்டேன். பாயும், “எனக்கு எது வேணுமோ அது கெடச்சிருச்சு தம்பி, இனிமே தோப்புக்கு மாப்பிள்ளையத்தான் அனுப்பணும்” என்று சொல்லிவிட்டார். இன்னாசி அண்ணன் இருபத்தெட்டாம் தேதி திரும்புகிறார். அதே கம்பளியில் சுருட்டிக் கொடுத்தனுப்புகிறேன், கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று வாங்கி அனுப்புகிற யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வெயிலில் அலையாமல் வேளைக்குச் சாப்பிடவும். அக்கா உங்களை நினைத்துக்கொண்டே இருப்பதாக எழுதச் சொன்னது, எழுதிவிட்டேன். உங்கள் ரூம்காரர்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்
மு. முனிராஜ், டி.இ.சி.இ.

பி.கு. கவரை ஒட்டப் பசை எடுக்கும்போது காளியப்பனும் செல்லம்மாளும் கடைக்கு வந்துவிட்டார்கள், குழந்தைக்கென்று ஒரு படி கொள்ளோடு. அவர்கள் மகள் தங்கம்மாளைத் தருமபுரியில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம், இது ஏழாவது மாசமாம். காளியப்பன் சந்தைக்கும் மில்லுக்கும் மாட்டு வண்டியில் போகிறவர். “அந்தப் பெட்டிய எங்க வண்டியில மாட்ட முடியுங்களா?” என்று கேட்டார். பைத்தியக்காரத்தனம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். பிறகு சும்மா வெளியே போய் வண்டியைப் பார்த்தேன். பார்த்தவன் அளவும் எடுத்தேன். வண்டிப் பலகைக்குக் கீழே பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு இடம் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஓட்டுகிறவர் இரண்டு கையையும் விட்டாலும் மாடு ரோட்டை விடாது, கூரை இல்லாததால் அண்ணாந்து பார்த்தாலும் குற்றமில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தப் புத்தகத்தில் இருக்கிற கார் படம்தான் தப்பு, இந்தக் கருவி செய்ததே மாட்டு வண்டிக்குத்தான். ஆகவே மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. இன்னொன்றும் வாங்கி அனுப்புங்கள், சர்தார் பாய்க்கு சைக்கிள் இருக்கிறது.